தாளைத் திருப்பிப் பார்த்தவன்

லேமினேஷன் போட்ட ஸ்டிக்கர் தாளை அன்றைக்கே வெட்டக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகாவது விடுவார்கள் என்று பார்த்தால், நான் வேலை பார்த்த கம்பெனியின் பிள்ளைகள் போனில் பிடித்துக்கொள்கிறார்கள். போன மாதம் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டார். மெஷின் மூலைக் குறிகளைச் சரியாகத்தான் படிக்கிறது, கத்தி புதுசு, இரண்டு நாள் தாளை ஆற வைத்தும் ஆயிற்று, அப்படியும் பாதித் தாளில் வெட்டு தள்ளி விழுகிறது, என்ன செய்வது என்று. "தாளைத் திருப்பிப் பாருங்கள்" என்று மட்டும் பதில் போட்டேன். அரை மணி நேரத்தில் கையெடுத்துக் கும்பிடும் பொம்மைகள் வரிசையாக வந்தன. படத்தைப் பார்த்தே எப்படிச் சொன்னீர்கள், அனுபவத்தை எழுதுங்கள் சார் என்றார்கள். எழுதுகிறேன். படித்த பிறகும் கும்பிடுவார்களா என்று தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஸ்டிக்கர் கம்பெனியில் சேர்ந்தேன். ஊர் நூம்பல். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பெனி கேட்டுக்குள் காலை வைத்தவன் நான்தான். பெருக்கினேன், மை கலக்கினேன், அச்சடித்த தாள் காய வைக்கும் கம்பித் தட்டுகளைத் துடைத்தேன். கடைசியில் வினைல் ரோலை அளவாக வெட்டித் தாள் போடும் வேலை கொடுத்தார்கள். நாலு வருஷம் ஓடியும் தற்காலிகம்தான். குமணன்சாவடியில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நல்ல மனிதர். பர்மனன்ட் ஆர்டர் கையில் வரட்டும், உடனே தேதி வைத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஆர்டர் எப்போது வரும் என்பதுதான் எனக்கு அப்போது பகலும் இரவும் ஒரே நினைப்பு.

இன்றைய பிள்ளைகளுக்கு அன்றைய வேலை எப்படி நடந்தது என்று சொன்னால்தான் விஷயம் புரியும். வெள்ளை வினைல் தாளில் ஒவ்வொரு நிறமாக ஸ்கிரீன் வைத்து அடிப்போம். நாலு மூலையிலும் சிறிதாக ஒரு கூட்டல் குறி விழும். அதற்குப் பெயர் ப்ளஸ். மை முழுசாகக் காய்ந்த பிறகு, வெயிலும் மழையும் படத்தைத் தின்னாமலிருக்க, மேலே கண்ணாடி போன்ற படலத்தை ரப்பர் உருளையில் விட்டு ஒட்டுவோம். அதுதான் லேமினேஷன். உருளையில் போய் வந்த தாள் இழுபட்டிருக்கும். இரண்டு நாள் தட்டையாகப் போட்டு வைத்தால் தன் அளவுக்குத் திரும்பி வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் கத்தி. படத்தின் உருவத்துக்கு வெட்டிய அலுமினியத் தகட்டைத் தாளின் மேல் வைத்து, தகட்டின் ஓட்டைகளில் நாலு ப்ளஸ்ஸும் தெரிகிறதா என்று பார்த்து, விளிம்பை ஒட்டியே ஆஸ்பத்திரி பிளேடை ஓட்ட வேண்டும். வினைல் அறுபட வேண்டும், அடியிலிருக்கும் பின்தாள் அறுபடக் கூடாது. படத்தைச் சுற்றி இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் மெலிந்தால் அந்தத் தாள் குப்பை.

எங்கள் சூப்பர்வைசர் வரதன் சார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. லேமினேஷன் முடிந்த தட்டில் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிடுவார். அதில் தேதி இருக்கும், கீழே "தூங்குகிறது" என்று எழுதியிருக்கும். முதலாளியே அவசரம் என்று வந்து நின்றாலும், "இன்னும் எழுந்திருக்கலைங்க" என்பார். வெட்டிய தாளைச் சட்டைப் பையிலிருக்கும் பூதக்கண்ணாடியால் நாலு இடத்தில் பார்ப்பார். ஸ்டீல் ஸ்கேலை வைப்பார். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். தப்பாக இருந்தால் நம் பெயருக்குப் பின்னால் "சார்" சேர்த்துவிடுவார். "ஏழுமலை சார், இங்கே கொஞ்சம் வாங்க." அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கத்தி பிடிப்பவர் ஆரோக்கியதாஸ். கொரட்டூர்க்காரர். ஞாயிறு பூசைக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைத்தான் வேலைக்கும் போட்டு வருவார். அதில் ஒரு பொட்டு மை ஒட்டாது. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணாத்தே. பின்தாள் அறுபட்டதா இல்லையா என்று மற்றவர்கள் தாளைத் திருப்பிப் பார்ப்போம். அவர் திருப்ப மாட்டார். தாளின் அடியில் கையை விட்டுக் கட்டைவிரலால் ஒரு தடவு. அவ்வளவுதான். அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். வீணாகும் துண்டுகளில் இலை இலையாக வெட்டித் தன் சைக்கிளின் செயின் கவர் முழுக்க ஒட்டி வைத்திருந்தார். கேட்டுக்குள் அந்த சைக்கிள் வந்தால் வாட்ச்மேன் துணி எடுத்துத் துடைத்துவிடுவார். அப்படி ஒரு சைக்கிள்.

அந்த வருஷம் ஒரு டிராக்டர் கம்பெனியின் வேலை வந்தது. எஞ்சின் மூடியின் இரண்டு பக்கமும் ஒட்டும் நீளமான ஸ்டிக்கர். சிவப்பு மூடியில் வெள்ளை விளிம்பு என்பதால் அரை மில்லிமீட்டர் தப்பினாலும் குருடனுக்கும் தெரியும். முதல் நடை நன்றாகப் போனது. இரண்டாவது நடைக்கு ரோலைத் தாள் போடும் நேரத்தில் வரதன் சார் மகள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தார்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. ரோல் நாலடி அகலம். தாளின் நீளம் ரோலின் நீளத்தோடு ஓடுகிற மாதிரிதான் எப்போதும் போடுவோம். அகலத்தில் இரண்டு தாள் போக, ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு வீண். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு வரிசையை நேராகவும் பக்கத்து வரிசையைக் குறுக்காகவும் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு விரல்தான் மிச்சம். பதினெட்டுத் தாள் வந்த இடத்தில் இருபத்துமூன்று வந்தது. முதலாளி குப்பைக் கூடையைப் பார்த்துவிட்டு யார் போட்டது என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். தோளைத் தட்டி, "உன் ஃபைலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கேன்பா" என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பெடல் தானாகச் சுற்றியது.

அச்சு முடிந்தது, லேமினேஷன் முடிந்தது. வரதன் சார் திரும்பி வந்து அட்டை கட்டி இரண்டு நாள் தூங்க வைத்தார். மூன்றாம் நாள் அண்ணாத்தே தகட்டை எடுத்தார். நாலைந்து தாள் போனது. அதற்கப்புறம் அவர் கை நின்றது. இந்த மூலையில் ப்ளஸ்ஸை உட்கார வைத்தால் அந்த மூலையில் நகர்ந்து நிற்கிறது என்றார். தகட்டை எடுத்துத் துடைத்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். அடுத்த தாள் ஒழுங்காக உட்கார்ந்தது. அதற்கடுத்தது உட்காரவில்லை. வித்தியாசத்தை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் பங்கிட்டு வெட்டிப் பார்த்தார். கேவலமாக வந்தது. மதியத்துக்குள் குப்பை அவருடைய இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது.

வரதன் சார் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஸ்கிரீன் ஒன்று, உருளை ஒன்று, தகடு ஒன்று, தூங்கிய நாளும் ஒன்று. பாதி சரி, பாதி தப்பு. அப்படியானால் மாறுவது கை ஒன்றுதான். அவர் கணக்கில் தப்பில்லை. அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று. அது எனக்கும் அப்போது தெரியாது, சத்தியமாக.

"தாஸ் சார்," என்றார். அண்ணாத்தேயை அப்படி அவர் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க."

சாயங்காலம் குப்பையை அள்ளுவது என் வேலை. என் கை அவர் கையைப் போல இல்லை. எனக்கு எதையும் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பின்தாள் அறுபட்டதா பார்ப்போமே என்று ஒன்றைத் திருப்பினேன். வினைல் செய்யும் கம்பெனி தன் பெயரைப் பின்தாளில் வரி வரியாக அடித்திருக்கும். அது எப்போதும் ரோலின் நீளத்தோடு ஓடும். என் கையிலிருந்த தாளில் அந்த எழுத்து தாளுக்குக் குறுக்காக நின்றுகொண்டிருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அதிலும் நின்றது. தேறிய தாள் அடுக்குக்கு ஓடிப் போய் அதைத் திருப்பினேன். அங்கே எழுத்து தாளின் நீளத்தோடு படுத்திருந்தது. குப்பையில் இருந்த ஒவ்வொரு தாளும் நான் குறுக்காகப் போட்ட தாள்.

விஷயம் இதுதான். வினைலைச் செய்யும்போதே நீளத்துக்கு இழுத்துத்தான் சுற்றுகிறார்கள். மையும் லேமினேஷனும் பட்டு ஆறும்போது அது நீளத்தில்தான் சுருங்கும், அகலத்தில் சுருங்காது. எங்கள் தகடு அப்படி நீளவாக்கில் சுருங்கிய தாளை வைத்து எடுத்தது. குறுக்குத் தாள் வேறு பக்கம் சுருங்கியிருக்கிறது, ப்ளஸ் எப்படி உட்காரும்? அண்ணாத்தேயின் கண்ணிலும் கையிலும் ஒன்றுமில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் தாளைத் திருப்பியிருந்தால் போதும். அவருக்குத்தான் திருப்பும் தேவையே இருந்ததில்லையே.

ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வரதன் சார் இன்னும் கிளம்பவில்லை. கதவு வரைக்கும் போனேன். சொன்னால் ரோலைக் கெடுத்தவன் நான். ஃபைல் மேஜையில் இருக்கிறது. குமணன்சாவடியில் தேதிக்குக் காத்திருக்கிறார்கள். ஆர்டர் வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு தாளை மட்டும் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணாத்தே கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தார். நாற்பதைத் தாண்டிய யார் போனாலும் கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி எழுதித்தான் கொடுப்பார்கள். அவருக்கும் கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதுவே சாட்சியாகிவிட்டது. அவரே முதலில் நம்பினார். பேக்கிங்கில் போட்டார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை, வரதன் சார் அதைப் பார்த்துக்கொண்டார். கத்தி மேஜைக்கு யார் என்று பேச்சு வந்தபோது, கண் நல்ல பையன், சின்ன வயசு என்று என்னை உட்கார வைத்தார்கள். அதே வாரம் ஆர்டர் வந்தது.

தன் கத்தியை அவரே என் கையில் கொடுத்தார். "இன்னா நைனா, மூஞ்ச தொங்க போட்டுகினு கீற? நீ நல்லா வெட்டுவ. எனக்குத்தான் கண்ணு போச்சு, உனக்கு இன்னா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அன்றிலிருந்து ரோலை மறுபடி நேராகவே போடச் சொன்னேன். முதலாளி கேட்டபோது, ஓரம் நசுங்கி வருகிறது என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நான் வெட்டிய தாள் ஒன்றும் தப்பவில்லை. எப்படித் தப்பும்? அண்ணாத்தே போன பிறகு வேலை சரியாகிவிட்டது என்று எல்லாரும் பேசினார்கள். அவரும் அதைக் கேட்டுக்கொண்டே பெட்டி கட்டினார்.

அந்த மாதமே சைக்கிளை விற்றுவிட்டார். கண் போகிறவன் லாரி ஓடும் ரோட்டில் வண்டி ஓட்டி எவன் மேலாவது ஏற்றினால் யார் பதில் சொல்வது என்றாராம். அதற்கப்புறம் கொரட்டூரிலிருந்து எஸ்டேட்டுக்கு நடைதான். போக வர, மழையிலும் வெயிலிலும். நான் மொபெட் வாங்கிய பிறகு, எனக்கு எதிர்ப் பக்கம் என்றாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் அவரை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டுவிட்டு வருவேன். ஏழுமலைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று கேட்டில் நின்று சொல்வார்கள். காதில் ஈயம் காய்ச்சி ஊற்றுவது போல இருக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணாத்தே, பார்த்து ஓட்டு நைனா, பள்ளம் வருது என்பார். பள்ளம் எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரியும். அப்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும். வீடு வந்துவிடும்.

வருஷங்கள் போயின. கல்யாணம், குழந்தைகள். தொண்ணூறுகளின் நடுவில் கம்ப்யூட்டர் வெட்டும் மெஷின் வந்தது. இறக்கிப் பூட்ட வந்த இஞ்சினியர் எங்களையெல்லாம் சுற்றி நிற்க வைத்துப் பாடம் எடுத்தார். குறிகளுக்கு நேராக முள்ளைக் கொண்டு வந்து வைப்பது, கத்தி எவ்வளவு ஆழம் இறங்குவது எல்லாம் சொன்னார். கடைசியில், ஒரே வேலைக்கு ரோலை நேரும் குறுக்குமாகக் கலந்து போட்டுவிடாதீர்கள், சுருக்கம் மாறும், மெஷின் என்ன செய்தாலும் பாதி தப்பும் என்றார். நான் தரையைப் பார்த்தேன். வரதன் சார் பூதக்கண்ணாடியை எடுத்து, துடைத்து, மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

மதியம் சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்தார். "ஏழுமலை சார், அந்த டிராக்டர் வேலைக்கு ரோலை எப்படிப் போட்டீங்க?"

சொன்னேன். குழாயை மூடாமலே நின்று கேட்டார். தெரிந்தது எப்போது என்று கேட்டார். அன்றைக்குச் சாயங்காலமே என்றேன். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். அங்கே இருந்தது வெட்கம். தான் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு மனிதனின் கண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கம். "தாஸ்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றார். நானே சொல்கிறேன் என்றேன். நம்பினார். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றுப் போகும்போதுகூட நான் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு போனார். பிரிவு விழாவில் அண்ணாத்தேயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அண்ணாத்தேக்கு ஏன் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. இதற்கு என்ன காரணம் காட்டுவது? வேலை போய்விடும் என்ற பயம்கூட அப்போது கிடையாது. வெறும் கோழைத்தனம்.

அண்ணாத்தே ரிட்டயர் ஆன பிறகுதான் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அலமாரிக்குப் பின்னால் இத்தனை வருஷம் சுருண்டு கிடந்த தாளைக் கையில் எடுத்துக்கொண்டேன். பூசை முடிந்து அவரும் அண்ணி ஸ்டெல்லாவும் அப்போதுதான் நடந்து வந்து சேர்ந்திருந்தார்கள். அண்ணி காபி கொடுத்தாள். அவர் ஆசையாகத் தாளை வாங்கி விரித்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார்.

"என் வெட்டுதான். டிராக்டர் வேல. இத ஏன்பா பத்திரமா வச்சிகினு கீற?"

பழக்க தோஷம், கை தானாகத் தாளின் அடியில் போனது. கட்டைவிரலால் தடவினார். "பின்தாள் அறுபடல பாரு" என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னார்.

"திருப்பிப் பாருங்க அண்ணாத்தே" என்றேன்.

திருப்பினார். நான் விளக்கம் சொல்லத் தயாராக வந்திருந்தேன். அந்தத் தொழிலில் அப்படிப்பட்ட மனிதருக்கு விளக்கம் எதற்கு? நின்ற எழுத்தின் மேல் அவர் விரல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனது. ரோல் போட்டது யார் என்றும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் கேட்டாரா என்று தெரியாது. அண்ணி மட்டும், என்ன ஆச்சு, என்ன அது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தாளை மறுபடி ஒழுங்காகச் சுருட்டி என் மடியில் வைத்தார். அண்ணியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அப்போ சைக்கிள வித்திருக்க வேணாம் ஸ்டெல்லா."

நான் கிளம்பும்போது வழக்கம்போல வாசல் வரைக்கும் வந்து நின்றார். அவர் கண் முன்னால் வண்டியில் ஏறி உட்கார எனக்கு மனசு வரவில்லை. தெரு முனை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனேன்.